சொந்த ஊருக்கு ஒரு குடும்ப அறக்கட்டளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் பிழைப்புக்காக ஊரை விட்டுப் போய், கையில் கொஞ்சம் சேர்ந்ததும் பிறந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிற குடும்பங்கள் நிறைய. எங்கள் குடும்ப அறக்கட்டளையின் கணக்குவழக்கை நான் பார்ப்பதால், அப்படி நினைப்பவர்கள் என்னிடம் வருகிறார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்று. 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆனாலும் எல்லோர் வாயிலும் அறக்கட்டளை வரிச்சலுகைக்கான பழைய பிரிவு எண்களான 12ஏ, 80ஜி என்பதே இருப்பதால் நானும் அப்படியே சொல்கிறேன். மனு எழுதும்போது புதிய எண்களை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறக்கட்டளை எல்லாம் எதுக்கு? தேவைப்படுறவங்களுக்கு நாமே கையில கொடுத்தா போதாதா?

போதும், உதவி எப்போதாவது ஒன்று என்றால். ஆண்டுதோறும் கொடுக்க நினைத்தாலோ, அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் சேர்ந்து கொடுக்க நினைத்தாலோ, உங்களுக்குப் பிறகும் அது நடக்க வேண்டும் என்று நினைத்தாலோ அறக்கட்டளை வேண்டும். தனி ஆள் கொடுக்கும்போது அவர் மனநிலை, அவர் காதுக்கு எட்டிய செய்தி, அவரிடம் யார் வந்து நின்றார்கள் என்பதைப் பொறுத்துத்தான் உதவி போய்ச் சேரும். கேட்கத் தயங்குகிறவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. ஊரில் உண்மையிலேயே கஷ்டப்படுகிறவர்களில் பாதிப்பேர் கேட்கத் தயங்குகிறவர்கள்தான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். குடும்பச் சொத்தைக் குடும்பத்தாரின் நன்மைக்காகவே கட்டிவைப்பது தனியார் டிரஸ்ட். 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் அதற்குத்தான். நாம் பேசுவது பொது அறக்கட்டளை. நடத்துவது குடும்பம், பயன் பொதுமக்களுக்கு. கொடுத்த பணம் பிறகு குடும்பத்துக்குத் திரும்பி வராது. இதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி, மனதார ஒத்துக்கொண்ட பிறகு மேலே போங்கள்.

எவ்வளவு பணம் இருந்தா ஆரம்பிக்கலாம்?

சட்டப்படி பெரிய தொகை எதுவும் தேவையில்லை. சில ஆயிரம் ரூபாயை மூலதனமாக எழுதிக்கூடத் தொடங்குகிறார்கள். ஆனால் பத்திரத்தில் எழுதும் தொகை வேறு, ஆண்டுதோறும் செலவழிக்கக் கிடைக்கும் தொகை வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ₹50 லட்சத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு ₹3,50,000. ஆடிட்டர் கட்டணம், தபால், போக்குவரத்து என்று ₹50,000 போனால், 25 பிள்ளைகளுக்கு ஆளுக்கு ₹12,000 கொடுக்கலாம். அவ்வளவுதான்.

மூலதனம் இல்லாமல், குடும்பத்தில் பத்துப் பேர் மாதம் ஆளுக்கு ₹2,500 போட்டாலும் ஆண்டுக்கு ₹3 லட்சம் வரும். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். மாதாமாதம் கொடுப்பவர் எங்கே போகிறது என்று கேட்பார்; ஒரே தடவை மொத்தமாகக் கொடுத்தவர் நாளடைவில் மறந்துவிடுவார். பத்துப் பேரில் இரண்டு பேர் நின்றுபோனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

பதிவு எப்படி? எங்க போகணும்?

அறக்கட்டளைப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அப்புறம் அறக்கட்டளையின் பெயரில் பான் அட்டை, வங்கிக் கணக்கு. பத்திரத்தை எங்கிருந்தோ நகல் எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். நோக்கங்கள், அறங்காவலரை நியமிப்பதும் நீக்குவதும், வங்கியில் யார் கையெழுத்து, கணக்கு ஆண்டு, கலைக்க நேர்ந்தால் சொத்து யாருக்கு, இந்த அறக்கட்டளையைத் திரும்பப் பெற முடியாது என்ற வாசகம் ஆகிய எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். அனுபவமுள்ள வக்கீலுக்கு அந்த ஒரு தடவை கொடுக்கும் காசு வீண் போகாது.

அறங்காவலர்களில் ஓரிருவராவது குடும்பத்துக்கு வெளியே இருக்கட்டும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஊரில் எல்லோரும் மதிக்கிற செவிலியர் போல. குடும்பத்துக்குள் பேச முடியாததை அவர்கள் பேசுவார்கள்.

12ஏ, 80ஜி ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. 12ஏ (பிறகு 12ஏபி ஆனது) அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு. 80ஜி, உங்களுக்கு நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை. புதிய அறக்கட்டளைக்கு இரண்டும் முதலில் தற்காலிகமாக 3 ஆண்டுக்குக் கிடைக்கும். பணிகளைத் தொடங்கியபின் உரிய காலத்துக்குள் முழுப் பதிவுக்கு மனுச் செய்ய வேண்டும். இந்தத் தேதியைக் கோட்டைவிட்டு அல்லாடும் சிறிய அறக்கட்டளைகள் பல. காலண்டரில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

80ஜியைச் சொல்லி நன்கொடை கேட்பவர்கள் மூன்று விஷயங்களை நன்கொடையாளரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ₹2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. கொடுத்த தொகையில் பாதிக்குத்தான் கழிவு, அதற்கும் வருமானத்தை ஒட்டிய உச்சவரம்பு உண்டு. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு இந்தக் கழிவே கிடையாது.

சரி, எல்லாம் பதிவு பண்ணியாச்சு. ஊருக்கு முதல்ல என்ன செய்யலாம்?

ஓர் ஆண்டு எதுவும் கட்டாதீர்கள். கேளுங்கள். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் போய் உட்காருங்கள். அங்கே பேசாதவர்களிடம் தனியாகப் பேசுங்கள்: நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், ஆடு மேய்ப்பவர்கள், காலனித் தெருவில் இருப்பவர்கள், அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர். ஊரை விட்டு வந்து இருபது, முப்பது ஆண்டு ஆனவர் மனதில் இருக்கும் ஊர் வேறு, இப்போது இருக்கும் ஊர் வேறு.

வெளியூரில் இருப்பவர்களுக்கு ஊர் முகப்பு வளைவு, சமுதாயக் கூடம், சுத்திகரிப்புக் குடிநீர் இயந்திரம் என்று கண்ணுக்குத் தெரிகிறவைதான் முதலில் தோன்றும். ஊரில் கேட்டால் பதில் வேறாக வரும்: சாயந்தரம் பிள்ளைகள் படிக்க ஓர் இடம், கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வண்டி, மனு எழுதிக் கொடுக்க ஓர் ஆள். இவை எதற்கும் திறப்பு விழா கிடையாது. ஆனால் ஒவ்வொரு மாதமும் ஊருக்குப் பயன்படும். கட்டிக் கொடுப்பதைவிட நடத்திக் கொடுப்பது கடினம், ஊருக்கு அதுதான் அதிகம் தேவை என்பது என் உறுதியான எண்ணம். சுத்திகரிப்பு இயந்திரம் வாங்குவதென்றால் வடிகட்டி மாற்றும் செலவு, மின்கட்டணம், பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளம் ஆகியவற்றை 5 ஆண்டுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு வாங்குங்கள். முடியாது என்றால் வாங்காதீர்கள்.

நான் படிச்ச அரசுப் பள்ளிக்கு வகுப்பறை கட்டிக் கொடுக்கணும். நேரா போய் கட்டலாமா?

நேராகப் போய்க் கட்ட முடியாது. இடமும் கட்டடமும் அரசுடையவை. அனுமதி, வரைபடம், தரச் சான்று எல்லாம் துறை வழியாகத்தான். தலைமையாசிரியரோடு பள்ளி மேலாண்மைக் குழுவையும் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த குழு அது, பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை. அரசுப் பள்ளிகளுக்கு உதவ விரும்புவோருக்காக 2022 இறுதியில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப்பள்ளி’ என்ற ஏற்பாட்டை மாநில அரசு தொடங்கியது. பள்ளிகள் தங்கள் தேவையைப் பதிவதற்கும், நீங்கள் எதற்குக் கொடுத்தீர்கள் என்று பார்ப்பதற்கும் அதில் வழி உண்டு.

ஊரின் பொது வேலை என்றால் ‘நமக்கு நாமே’ திட்டத்தையும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். மக்கள் பங்காகப் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். உங்கள் பத்து லட்சம் முப்பது லட்ச வேலையாக மாறக்கூடிய இடம் அது.

கட்டடம் கேட்கும் பள்ளிக்குக் கழிப்பறையைச் சுத்தம் செய்ய ஆள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். பெண் பிள்ளைகள் காலை முதல் சாயந்தரம் வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பள்ளியில் புது வகுப்பறைக்கு முன்னால் செய்ய வேண்டியது அதுதான்.

ஏழைப் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் தரலாம்னு இருக்கோம். அரசே மாசம் ஆயிரம் தருதே, இன்னும் தேவையா?

தேவை, ஆனால் வேறு இடத்தில். 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டமும் 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்தவர்களுக்கு மாதம் ₹1,000 தர வந்தவை. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. அரசு கொடுப்பதையே நீங்களும் கொடுத்தால் பணம் இரட்டிப்பாகும், பயன் இரட்டிப்பாகாது.

அரசின் கை எட்டாத இடைவெளிகள் இருக்கின்றன. கலந்தாய்வுக்குப் போய்வரும் செலவு, விண்ணப்பக் கட்டணம், உதவித்தொகை வந்து சேரும்வரை விடுதிக்குக் கட்ட வேண்டிய முன்பணம், முதல் செமஸ்டர் புத்தகம். சில ஆயிரம் ரூபாய் கையில் இல்லாததால் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு மில்லுக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மே, ஜூன் மாதங்களில், கேட்ட வாரமே கையில் பணம் கிடைக்கிற மாதிரி ஏற்பாடு செய்யுங்கள். ஆகஸ்டில் மேடை போட்டுக் கொடுக்கும் காசோலை அந்தப் பிள்ளைக்கு உதவாது. மேடையே வேண்டாம் என்பேன். உதவி வாங்குவதை ஊர் பார்க்க வேண்டியதில்லை.

மருத்துவச் செலவுக்குக் கேட்டு தினமும் ஆள் வர்றாங்க. எப்படிச் சமாளிக்கிறது?

முதலில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்டு வருமானம் ₹1,20,000-க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ₹5 லட்சம் வரை சிகிச்சைக்கு வழி இருக்கிறது. அட்டை இல்லாதவருக்கு அதை வாங்கிக் கொடுப்பதுதான் நீங்கள் செய்யும் முதல் உதவி. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு உடன் போக ஓர் ஆள் இருந்தால் போதும்.

காப்பீட்டில் வராத செலவுக்கு உங்கள் பணத்தை வையுங்கள்: கூட இருப்பவரின் சாப்பாடு, வாரம் இருமுறை டயாலிசிஸுக்குப் போகும் வண்டிக் கூலி, வெளியே எடுக்கச் சொல்லும் பரிசோதனை. ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு வைத்து, அதை எழுதி, எல்லோருக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுங்கள். வரம்பு இல்லையென்றால் முதலில் வந்த இரண்டு பேரோடு அந்த ஆண்டுப் பணம் தீர்ந்துவிடும்.

கண்மாயைத் தூர்வாரணும். ஜேசிபி வாடகைக்கு எடுத்தா முடிஞ்சுடுமா?

முடியாது. முதலில் கண்மாய் யார் பொறுப்பில் என்று பாருங்கள். ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம்) 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத்துறை; அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு கூடை மண் எடுத்தாலும் வழக்கு வரலாம்.

அப்புறம், தூர்வாருவது என்றால் ஆழமாகத் தோண்டுவது என்று நினைத்துவிடுகிறார்கள். மடைக்கு, அதாவது தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் வாய்க்கு, கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. கரையின் அடியிலேயே தோண்டினால் கரை பலவீனமாகும். பெரும்பாலான கண்மாய்களில் முதல் வேலை வரத்துக்கால்வாய். தண்ணீர் வந்தால்தானே தேங்கும்? அடுத்து மடையும், மிகுதி நீர் வழிந்தோடும் கலுங்கும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, சீமைக் கருவேலத்தை வேரோடு எடுப்பது. மடையை எப்போது திறப்பார்கள், தண்ணீர் எவ்வளவு நாள் நிற்கும் என்பது ஆயக்கட்டு விவசாயிகளுக்கும், வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்கென்றே நீர்ப்பாய்ச்சி ஒருவர் இருக்கும் ஊரில் அவருக்கும் தெரியும். அவர்கள் இல்லாமல் திட்டம் போடாதீர்கள். எடுத்த வண்டலை யார் யார் கொண்டுபோகலாம் என்பதையும் முன்கூட்டியே வட்டாட்சியர் அனுமதியோடு பேசி முடித்துவிடுங்கள். சண்டை அங்கேதான் தொடங்கும்.

எங்க சமுதாயப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தா தப்பா?

1961 வருமான வரிச் சட்டம் வந்த பிறகு தொடங்கிய அறக்கட்டளை குறிப்பிட்ட ஒரு சாதி அல்லது மதத்தாரின் நன்மைக்காக மட்டும் என்றால் வருமான வரிவிலக்கு கிடைக்காது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்காக என்றால் இந்தத் தடை இல்லை.

சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டும் சொல்கிறேன். ஓர் ஊரில் ஒரு தெருவுக்கு மட்டும் கொடுக்கும் அறக்கட்டளை, இருக்கிற பிரிவினையைப் பணம் போட்டு வளர்க்கிறது. பத்திரத்தில் ‘எல்லோரும்’ என்று எழுதிவிட்டு நடைமுறையில் ஒரு தெருவுக்கே கொடுப்பதும் அதே தவறுதான். ஆண்டு முடிவில் பயனாளிகள் பட்டியலை எடுத்து, எந்தத் தெருவிலிருந்து ஒருவர்கூட இல்லை என்று பாருங்கள்.

கும்பாபிஷேகத்துக்கு அறக்கட்டளைப் பணம் கேக்குறாங்க. மறுக்க முடியல.

80ஜி பதிவு உள்ள அறக்கட்டளை ஓர் ஆண்டில் தன் மொத்த வருமானத்தில் 5 சதவீதம் வரைதான் சமயக் காரியத்துக்குச் செலவழிக்கலாம். குடும்பமாகச் சொந்தப் பணத்தில் கொடுங்கள், அதற்குத் தடையே இல்லை. பெரியவர்களிடம் இப்படிச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

அண்ணன் பையன் நல்லாப் படிக்கிறான், அவனுக்கும் நம்ம டிரஸ்ட்லயே கொடுக்கலாமா?

கூடாது. நிறுவியவர், அறங்காவலர், அவர்களின் நெருங்கிய உறவினர் ஆகியோருக்கு அறக்கட்டளைப் பணம் பயனாகப் போகக்கூடாது. போனால் அந்தத் தொகைக்கு 30 சதவீத வரி, அதோடு அந்தத் தொகை அளவுக்கே அபராதமும் வரலாம். மறுபடி நடந்தால் இரண்டு மடங்கு. உறவினர் உண்மையிலேயே வேலை செய்தால் நியாயமான சம்பளம் கொடுக்கலாம். அதற்கும் தீர்மானம், வேலை விவரம், வங்கி வழிப் பணம் எல்லாம் இருக்க வேண்டும். அந்தப் பையனுக்குக் குடும்பம் தனியாக உதவட்டும்.

இந்த வருஷம் பணத்தைச் செலவு பண்ண முடியல. அப்படியே வச்சுக்கலாமா?

ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே அறப்பணிக்குச் செலவிட வேண்டும். 15 சதவீதத்தை நிபந்தனையின்றிச் சேர்த்து வைக்கலாம். அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால், இன்ன வேலைக்கு என்று குறிப்பிட்டு வருமான வரித்துறைக்கு உரிய நேரத்தில் தெரிவித்து, அதிகபட்சம் 5 ஆண்டு வைக்கலாம். மூலதனத்துக்கு என்று நன்கொடையாளர் எழுதிக் கொடுத்த பணத்துக்கு இந்த 85 கணக்கு இல்லை; அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

சேர்த்த பணத்தைச் சட்டம் அனுமதித்த வழிகளில்தான் போட வேண்டும்: வங்கி வைப்பு, அஞ்சலகம், அரசுப் பத்திரங்கள் போன்றவை. தெரிந்தவருக்கு வட்டிக்கு விடுவது, உங்கள் கடையில் முதலாகப் போட்டுவைப்பது எதுவும் கூடாது.

மகள் அமெரிக்காவில் இருக்கா. அவ அனுப்புற பணத்தை வாங்கலாம்ல?

அவர் எந்த நாட்டுக் குடிமகள் என்பதுதான் கேள்வி. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், பெற்ற மகளே ஆனாலும், அது வெளிநாட்டு நன்கொடை. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட அறக்கட்டளைக் கணக்கில் வரக்கூடாது.

பதிவு பெற, பொதுவாக 3 ஆண்டு இயங்கி, அந்த 3 ஆண்டில் அறப்பணிக்கு ₹15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். பதிவு கிடைத்தபின் பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் தொடங்கும் கணக்குக்குத்தான் வர வேண்டும். அதில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. சிறிய குடும்ப அறக்கட்டளைக்கு இந்தச் சுமை வேண்டாம் என்பது என் கருத்து. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் நேரமாகக் கொடுக்கட்டும்: ஞாயிற்றுக்கிழமை இணைய வழியில் ஆங்கிலம் சொல்லித் தருவதற்கு எந்தப் பதிவும் தேவையில்லை.

ஊராட்சித் தலைவர் எங்களைப் போட்டியாப் பார்க்கிறார். தேர்தலுக்கு நிக்கப் போறோம்னு நினைக்கிறார்.

அவர் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. பல ஊர்களில் அப்படி நடந்திருக்கிறது. அறங்காவலர் எவரும் உள்ளாட்சித் தேர்தலில் நிற்பதில்லை, நின்றால் முதலில் விலகிவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டு, அதை அவரிடமே காட்டுங்கள். ஊராட்சியின் வேலையை எடுத்துச் செய்யாமல், ஊராட்சி கேட்கும் வேலைக்குத் துணை நில்லுங்கள். தேர்தல் நெருங்கும் மாதங்களில் புதிய உதவி எதையும் தொடங்காதீர்கள்.

ஊர்க்காரங்க எங்க கணக்கைக் கேக்க முடியுமா? எங்க பணம்தானே?

முதல் கேள்விக்கான பதிலைத் திரும்பப் பாருங்கள். அறக்கட்டளைக்குக் கொடுத்த பிறகு அது உங்கள் பணம் இல்லை. நிர்வாகம் தவறாகப் போனால், அதில் அக்கறையுள்ள இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி நீதிமன்ற அனுமதியோடு வழக்குத் தொடரலாம். அறங்காவலரை நீக்கவும் கணக்குக் கேட்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குப் பெயர் தந்த பச்சையப்ப முதலியார் 1794-இல் இறந்தபோது தன் செல்வத்தைத் தருமத்துக்கு எழுதி வைத்திருந்தார். உயில் பணம் தகராறிலும் வழக்கிலும் பல பத்தாண்டுகள் சிக்கி, நீதிமன்றம் தலையிட்ட பிறகு, அவர் பெயரில் பள்ளி திறந்தது 1842-இல். யாரும் கேட்பதற்கு முன்பே ஆண்டுக் கணக்கை ஒரு பக்கமாக எழுதி ஊராட்சி அலுவலகத்திலும் பள்ளியிலும் ஒட்டிவிடுங்கள். வரவு, செலவு, மீதி, எத்தனை பேருக்கு எதற்கு. பயனாளி பெயர் மட்டும் வேண்டாம்.

எங்க பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்ல. எங்களுக்கப்புறம் மூடிடலாமா?

மூடலாம், ஆனால் மிச்சம் பிள்ளைகளுக்குப் போகாது. பத்திரத்தில் சொன்னபடி, இதே போன்ற நோக்கமும் வருமான வரிப் பதிவும் உள்ள இன்னோர் அறக்கட்டளைக்குப் போக வேண்டும். 12 மாதத்துக்குள் அப்படி மாற்றாவிட்டால் மொத்த நிகரச் சொத்துக்கும் உச்ச விகிதத்தில் வரி விழும். அறக்கட்டளை நிலம் வாங்கியிருந்தால் மாற்றுவதற்கு நாளாகும். மூட நினைத்தால் இரண்டு ஆண்டு முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் உதவியால் படித்து வேலைக்குப் போன பிள்ளைகளில் யாராவது ஊரோடு தொடர்பில் இருப்பார்கள். அவர்களில் ஒருவரை இப்போதே அறங்காவலராக்கி, வங்கிக் கையெழுத்தில் பாதியைக் கொடுங்கள். பத்திரத்தில் குடும்பத்தார் மட்டுமே அறங்காவலர் என்று எழுதியிருந்தால் திருத்தப் பத்திரம் போட வேண்டியிருக்கும். அதற்கு வழி உங்கள் பத்திரத்திலேயே இருக்கிறதா என்று வக்கீலிடம் காட்டி, வருமான வரித்துறைக்கும் தெரிவித்துவிடுங்கள்.